அலமாரி நிறையக் கற்கள்: வாரிசுகள் கவனிக்க வேண்டியவை

வீட்டுப் பெரியவர் காலமானால் நிலப் பத்திரத்தையும் நகையையும் வங்கிக் கணக்கையும் தேடிப் பார்க்க ஆள் உண்டு. அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த கற்களைத் தேட ஆள் இருப்பதில்லை. கல்லூரியில் நிலவியல் நடத்தியவர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர், போன ஊரிலெல்லாம் கைநிறையப் பொறுக்கி வந்தவர் எனப் பலர் வீட்டில் இப்படி ஓர் அலமாரி இருக்கிறது. வீட்டைக் காலி செய்தாக வேண்டும், பாகம் பிரித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் கற்களுக்கு முன்பே குப்பைக்குப் போய்விடுகின்றன அவற்றோடு இருந்த பழுப்பேறிய துண்டுச் சீட்டுகளும் கையெழுத்து நோட்டுகளும். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

பல்லாவரத்துப் பக்கம் கிடைக்கும் கருமையான கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீட்டு இல்லாவிட்டால் அது ஜல்லிக்குப் போகிற கல். ஆனால் அந்த வகைக் கல்லில்தான் கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை செய்யப்பட்டிருக்கிறது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அவர் பெயரை ஒட்டியே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். இன்று உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் பெயர் அது. சென்னை பரங்கிமலையில் உள்ள சார்னோக்கைட் பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று. கல் ஒன்றுதான்; எந்த இடத்தில், எப்போது, யார் எடுத்தது என்ற குறிப்பு சேரும்போது அது ஆய்வுப் பொருளாகிறது.

குறிப்பு பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் விஷ்வஜித் குப்தா, இமயமலையில் கிடைத்தவை என்று சொல்லிப் புதைபடிவங்களை வைத்து ஏராளமான கட்டுரைகள் வெளியிட்டார். அவற்றில் சில மொராக்கோ போன்ற வேறு நாடுகளைச் சேர்ந்தவை என்று 1989இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலன்ட் அம்பலப்படுத்தினார். இமயமலை நிலவியலில் அந்தக் கட்டுரைகளை நம்பி எழுதப்பட்டவற்றையெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று. எடுத்த இடம் தவறினால் அந்தக் கல்லை வைத்து எழுதிய எதற்கும் மதிப்பில்லை.

ஆகவே வாரிசுகள் முதலில் செய்ய வேண்டியது எதையும் கலைக்காமல் படம் எடுப்பது. எந்தத் தட்டில் எந்தக் கல், பக்கத்தில் எந்தச் சீட்டு என்று தெரியும்படி கைப்பேசியில் எடுத்தால் போதும். கல்லின் மேல் வெள்ளைப் பெயின்ட் புள்ளியும் சிறு எண்ணும் இருந்தால் சுரண்டிவிடக் கூடாது. அதே எண் ஏதோ ஒரு நோட்டில் விளக்கத்தோடு இருக்கும். கழுவவும் கூடாது. இந்துப்பு தண்ணீரில் கரைந்துவிடும். பளபளப்பு வரட்டும் என்று ஆசிட் ஊற்றினால் கால்சைட் நுரைத்துக் கரையும். பைரைட் என்ற பொன்னிறக் கல் நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தானாகவே சிதைந்து கந்தக அமிலத்தைக் கசியவிடும். அந்த அமிலம் அடியில் உள்ள சீட்டையும் பெட்டியையும் அரித்துவிடும். வெள்ளைப் பொடி பூத்த பைரைட்டை உடனே தனியாக, ஈரம் படாமல் வைப்பது நல்லது.

அடுத்தது உடல்நலம். பெரும்பாலான கற்கள் யாருக்கும் தீங்கு செய்யாதவை. ஆனால் சிலவற்றின் பெயரைச் சித்த மருத்துவம் அறிந்த பாட்டிகள் கேட்டாலே எச்சரிக்கையாகிவிடுவார்கள். சாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்திலும் மனோசிலையிலும் ஆர்சனிக். மனோசிலை வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் தூளாக உதிரும். அந்தத் தூள் கையில் ஒட்டினால் குழந்தையின் வாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? கலீனா என்ற கனமான, வெள்ளி மினுமினுப்புள்ள கல் ஈயத் தாது. நார் நாராகப் பிரியும் கல்நார் வகைகளைத் தொட்டுப் பிரித்துப் பார்ப்பதே ஆபத்து; அந்த இழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். இப்படிப்பட்ட கற்களைத் துடைப்பத்தால் பெருக்காமல், மூடியுள்ள டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, எட்டாத இடத்தில் வைத்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவ வேண்டும். அறுப்பதும் உடைப்பதும் அறவே கூடாது.

கதிரியக்கக் கற்கள் தனி விஷயம். யுரேனியம் கொண்ட பச்சை, மஞ்சள் நிறக் கனிமங்கள் அழகாக இருப்பதால் சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு. இவற்றை மூடிய அலமாரியில் நெடுநாள் வைத்தால் கதிரியக்க வாயு உள்ளே தேங்கும். 2019இல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில், அருங்காட்சியகப் பொருள்கள் வைக்கும் கட்டடத்திலேயே யுரேனியத் தாது வாளிகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தது வெளியாகிப் பெரிய செய்தியானது. நிபுணர்கள் இருக்கும் இடத்திலேயே அப்படியென்றால், வீட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? சீட்டில் யுரேனியம், தோரியம், பிட்ச்பிளெண்ட், மோனசைட் போன்ற பெயர்களைக் கண்டால், கல்லை விற்கவோ கூரியரில் அனுப்பவோ குப்பையில் போடவோ கூடாது. இவை அணுசக்திச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கோ அணுக் கனிம ஆய்வு இயக்ககத்துக்கோ எழுதிக் கேட்பதே பாதுகாப்பான வழி. பயந்து ஓட வேண்டாம். அளந்து பார்க்காமல் முடிவெடுக்கவும் வேண்டாம்.

இனி உரிமைக்கு வருவோம். அப்பா சேர்த்தது, எனக்குத்தான் ஆர்வம், ஆகவே எனக்கே என்று ஒரு பிள்ளை எடுத்துக்கொள்ள முடியாது. உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. மற்ற சமயத்தினருக்கு அவரவர் சட்டம். கற்களும் அசையும் சொத்துதான். ஒருவர் மற்றவர்களைக் கேட்காமல் வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் அதில் ஒரு கல் விலையுயர்ந்தது என்று தெரிந்தால் வழக்கு வரும். எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சம்மதக் கடிதம் அந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

அதைவிட நுட்பமான கேள்வி, எல்லாமே அவருடைய சொத்துதானா என்பது. அரசுத் துறையிலோ சுரங்க நிறுவனத்திலோ கல்லூரியிலோ இருந்தவர் பணிக்காக எடுத்த மாதிரிகள் அந்த நிறுவனத்துக்கு உரியவை. துறையின் பதிவு எண் தாங்கிய கல் வீட்டில் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பதே முறை. அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை; கடிதம் எழுதி, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டால் போதும்.

சட்டச் சிக்கல் பெரும்பாலும் கல்லல்லாத கற்களில்தான் ஒளிந்திருக்கிறது. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் பொறுக்கிய பவளப்பாறைத் துண்டு, நாட்டிலஸ் ஓடு போன்றவற்றை அலமாரியில் கல்லோடு கல்லாக அடுக்கி வைத்திருப்பார்கள். 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கையில் இருப்பவற்றை அறிவிக்க 2003இல் ஒரு வாய்ப்பும் தரப்பட்டது. பலருக்கு அது தெரியவே இல்லை. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் பொருளை வாரிசாகப் பெறுபவர் 90 நாள்களுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். அதை விற்பது குற்றம். உரிமைச் சான்றிதழ் இல்லாத பழைய துண்டை இரவோடு இரவாகக் கடலில் எறிந்துவிடலாம் என்று நினைப்பதைவிட, ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வனத்துறையிடம் எழுத்துமூலம் ஒப்படைப்பது எவ்வளவோ மேல்.

கற்கருவிகளும் அப்படியே. 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கைக்கோடரிதான் இந்தியாவின் பழங்கற்கால ஆய்வைத் தொடங்கி வைத்தது. அவரும் ஒரு நிலவியலாளர். அவர் சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எங்கே எடுத்தது என்ற குறிப்போடு இருந்ததால், அவர் இறந்தபின்னும் அதன் விளக்கப் பட்டியல் நூலாக வெளிவர முடிந்தது. அதே போன்ற கைக்கோடரி ஒரு வீட்டு அலமாரியில் இருந்தால், அது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் பார்வையில் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்ய முடியாது; தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அமெரிக்காவிலிருந்து வந்த மகன் நினைவுக்காகப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது தேவையில்லாத துயரம். தொல்லியல் துறையிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்ததை யோசிக்க வேண்டும்.

அரியலூர், பெரம்பலூர் பகுதியின் அம்மோனைட் போன்ற புதைபடிவங்களையும் பிற நிலவியல் மரபுச் சின்னங்களையும் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவர 2022இல் மத்திய சுரங்க அமைச்சகம் வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டது. திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்கள். அங்கிருந்து எடுத்தது என்று சீட்டில் இருந்தால் விற்பனை எண்ணமே வேண்டாம்.

விற்கலாம் என்று தெளிவானவற்றை விற்பதில் தவறில்லை. ஆனால் விலை சொல்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் வியாபாரி நல்ல பத்துக் கல்லை மட்டும் பொறுக்கி எடுத்து, மீதியைச் சீட்டில்லாத குவியலாக விட்டுப்போவார். அடிமாட்டு விலைக்குப் போனது எது என்றே குடும்பத்துக்குத் தெரியாது. புனே அருகே வாகோலிக் குவாரியின் நீல நிற கவன்சைட் போன்ற மகாராஷ்டிரக் கனிமங்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நல்ல விலைக்குத் தேடுகிறார்கள். காங்கேயம், கரூர்ப் பகுதி பச்சைநீலக் கல் என்று சொல்லப்படுவது நிஜமாகவே பெரில்தானா, வெறும் கண்ணாடியா என்பதை ரத்தினப் பரிசோதனைக்கூடச் சான்று மட்டுமே சொல்லும். திருச்சியில் செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில் நெடுங்காலமாக நடப்பதையும் மறக்க வேண்டாம். வாரிசாகக் கிடைத்ததற்கு வருமான வரி இல்லை. ஆனால் ரத்தினக் கற்கள் வரிச் சட்டத்தில் நகைக்குச் சமம். விற்றால் வரும் ஆதாயத்துக்கு வரி உண்டு. ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கொடையாகக் கொடுப்பதென்றால் ஒரு முன்மாதிரி இருக்கிறது. புரூக்ளின் பாலத்தைக் கட்டிய வாஷிங்டன் ரோப்ளிங் 1926இல் இறந்தபோது 16,000க்கும் மேற்பட்ட கனிமங்களை விட்டுச் சென்றார். அவருடைய மகன் அவற்றை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்ததோடு, பராமரிப்புக்கும் புதிதாக வாங்கவும் 1,50,000 டாலர் நிதியும் தந்தார். நம்மிடம் அவ்வளவு வசதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் இடமும் ஆளும் இல்லாத அருங்காட்சியகத்தின் தலையில் மூட்டையாகக் கட்டுவது கொடையாகாது என்பதை அந்த மகன் புரிந்துவைத்திருந்தார். எழும்பூர் அருங்காட்சியகம், அரியலூர் அருகே வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகம், சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, சேலம் பெரியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நிலவியல் துறைகள் என்று கேட்கக்கூடிய இடங்கள் உண்டு. முதலில் பட்டியலும் படமும் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். பெற்றுக்கொண்டதற்குக் கடிதமும், சேகரித்தவர் பெயர் பதிவேட்டில் ஏறியதற்கு உறுதியும் கேட்டு வாங்குவது வாரிசுகளின் உரிமை.

யாரும் எடுத்துக்கொள்ளாத, ஆபத்தும் இல்லாத சாதாரணக் கற்களைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கலாம், தோட்டத்தில் பதிக்கலாம். ஆனால் எடுத்த மண்ணுக்கே திரும்பட்டும் என்று அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் காரைப் பள்ளத்தாக்கிலோ ஏதாவது ஒரு ஓடைக்கரையிலோ கொட்டிவிட்டு வரக் கூடாது. ராஜஸ்தானில் எடுத்த சிப்பிக் கல் அரியலூரில் கிடந்தால், நாளை அதைக் குனிந்து எடுக்கும் மாணவி அங்கேயே பிறந்த கல் என்று நம்பித் தன் நோட்டில் எழுதிக்கொள்வாள்.