விலாசம் படும் பாடு – 14: 7-க்கு என்ன வேலை?

ரவுட்ஸ் கோப்பில் 'ரிசோர்சஸ்' என்று ஒரு வரி எழுதினால், பட்டியல் காட்டுவது, திருத்துவது, அழிப்பது முதலான வழக்கமான ஏழு ஆக்‌ஷனுக்கும் ரெயில்ஸ் வழி போட்டுவிடும். போன வாரம் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக ரிசோர்ஸ் வைப்பதையும், அடுக்கு கூடினால் கைகொடுக்கும் 'ஷாலோ'வையும் இந்த வாரம் சொல்வதாக வாக்கு.

அதற்குள் ஓர் அரைப்புள்ளி குறுக்கே வந்துவிட்டது. இந்த ரிசோர்ஸ் வழிகள் 2007 ஜனவரியில் ரெயில்ஸ் 1.2-உடன் வந்தவை. அன்றைக்குத் திருத்தும் பக்கத்தின் விலாசம் '/போஸ்ட்ஸ்/1;எடிட்'. ஆமாம், நடுவில் அரைப்புள்ளி! பழைய புராஜெக்ட் ஒன்றில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது யாரோ கைதவறி அடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் திருத்தவே போய்விட்டேன். யோசித்தால் அதில் ஓர் அழகு இருக்கிறது. சாய்கோடு போட்டால் 'இதற்குள் அது' என்று அர்த்தம். எடிட் என்பது போஸ்ட்டின் பிள்ளை இல்லையே, அதன்மேல் செய்யும் வேலைதானே? அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.0 அதைச் சாய்கோடாக்கிவிட்டது. எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

சரி, உண்மையான பிள்ளைகளிடம், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த ரிசோர்ஸ்களிடம் வருவோம். கஸ்டமருக்குள் இன்வாய்ஸை வைத்தால் விலாசம் இப்படி: '/கஸ்டமர்ஸ்/7/இன்வாய்சஸ்/42'. கன்ட்ரோலரின் கைக்கு இரண்டு எண்கள் வருகின்றன: கஸ்டமர் ஐடி 7, பில்லின் ஐடி 42. அவசரத்தில் எழுதுகிறவர் இன்வாய்ஸ் மாடலிடம் நேராகப் போய் 42-ஐக் கேட்கிறார். பில் வந்துவிடுகிறது. 7? மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, ஜோராக நிற்கிறது. வேலை ஒன்றும் இல்லை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதுதான் நடந்தது. டெஸ்டிங் பெண் 7-ஐ 900 ஆக்கினாள். அதே பில் திறந்தது. 42-ஐ 43 ஆக்கினாள். வேறு யாருடைய பில்லோ, பெயர், தொகை எல்லாவற்றோடும் வந்து நின்றது. எழுதியவன் நான். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

மருந்து சின்னது. முதலில் கஸ்டமரைப் பிடி. பிறகு அவருடைய இன்வாய்சஸுக்குள் மட்டும் 42-ஐத் தேடு. அப்போது டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வியிலேயே 'கஸ்டமர் ஐடி 7' என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்ளும். பொருந்தாவிட்டால் 404. ஆனால் அந்த 7-உம் பிரவுசரில் யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய எண்தானே? அதனால் கஸ்டமரையும் லாகின் செய்தவருக்கு உரியவர்களிலிருந்தே எடுக்க வேண்டும். இதை ஒவ்வோர் ஆக்‌ஷனிலும் திரும்ப எழுதாமல் 'பிஃபோர் ஆக்‌ஷன்' ஒன்றில் போட்டுவிடலாம்.

ஷாலோவுக்கு இடமில்லை, அரைப்புள்ளி தின்றுவிட்டது. ஓர் அடுக்குக்கு மேல் உள்ளே போகாதே என்று ரெயில்ஸ் கையேடே ஏன் சொல்கிறது என்பதோடு சேர்த்து அடுத்த வாரம். அதுவரை, நீங்கள் எழுதிய தளத்தில் அந்த 7-ஐ 900 ஆக்கிப் பாருங்கள்.