ஆனைக்குக் கதவு தெரியாது

கிழக்கு மாகாணத்தில், கிரான் பாலத்தைத் தாண்டி மேற்கே, புலிபாய்ந்தகல் பக்கம் போகும் வீதியில் ஒரு வீடு. சீமெந்துக்கல் சுவர், தகரக் கூரை, முன்னால் பலகைக் கதவு. மாசி மாதத்தில் ஒரு காலை நான் அங்கே போனபோது கதவு பூட்டியது பூட்டியபடியே இருந்தது. பின்சுவரில்தான் ஆள் குனியாமல் நுழையக்கூடிய ஓட்டை. கற்கள் அறைக்குள்ளே சரிந்து கிடந்தன. வளவு நெடுக நெல்மணிகள் கோடு போட்டதுபோல் சிந்தி, வேலியோரப் பற்றைக்குள் போய் முடிந்தன. அங்கே கிழிந்த சாக்கு ஒன்று.

எனக்கு வியப்பு ஓட்டையின் அளவில் இல்லை, அது விழுந்த இடத்தில். முப்பதடி நீளச் சுவர் அது. உள்ளே நெல் மூடைகள் ஒரு மூலையில், ஆறடி அகலத்துக்கு அடுக்கியிருந்தன. இடிந்தது அந்த ஆறடி மட்டும்தான்.

“ஆனைக்கு நம்மட ஊட்டுக் கதவு எங்க கிடக்கு எண்டு தெரியா மகன், நெல்லு எங்க கிடக்கு எண்டு தெரியும்” என்றார் வீட்டுக்கார மாமி. கோபம் இருந்ததா, மரியாதை இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

இரவில் வீட்டுக்குள் புகுபவரைத் தடுப்பது எப்படி என்ற கேள்விக்குக் கொழும்பில் பூட்டு, கமரா, நாய் என்று பதில் சொல்வார்கள். வாவிக்கு மேற்கேயுள்ள இந்தப் படுவான்கரையில் கேள்வியே வேறு. 2011 ஆவணியில் கிழக்கு மாகாணம் முழுக்கக் இரவில் வீடு புகும் ‘கிறீஸ் பூதம்’ என்ற பயம் பரவி, ஆண்கள் பொல்லும் கையுமாக விடிய விடிய விழித்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பயம் ஓய்ந்துவிட்டது. நாலைந்தாயிரம் கிலோ எடையுள்ள இந்த விருந்தாளி மட்டும் வேளாண்மை வெட்டு முடிய வருடா வருடம் வருகிறார்.

சுவருக்குப் பின்னால் இருப்பதை அவர் எப்படி அறிகிறார்? 2014-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யோஷிஹிட்டோ நீமூராவும் கூட்டாளிகளும் பதின்மூன்று பாலூட்டிகளின் மரபணுக்களைப் பிரித்து, மணத்தை உணரும் ஏற்பிகளுக்கானவை எத்தனை என்று எண்ணினார்கள். மனிதனுக்கு 396. மோப்பத்துக்குப் பேர்போன நாய்க்கு 811. ஆபிரிக்க யானைக்கு 1,948. ஒவ்வோர் ஏற்பியும் ஒரு பூட்டு, காற்றில் வரும் மூலக்கூறு சாவி என்று வைத்துக்கொண்டால், நம்மைவிட ஐந்து மடங்கு வகைப் பூட்டுகள் அந்தத் தும்பிக்கையின் அடியில் இருக்கின்றன. நெல்லோ சும்மா இருக்கும் பொருள் அல்ல. தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டு மெல்ல மெல்லச் சிதைய, ஹெக்ஸனால் போன்ற ஆவிகள் ஓயாமல் கசிகின்றன. புதுநெல் மணம் என்று நாம் மூக்கை நுழைத்து முகர்வதில் அதுவும் உண்டு. கல்லுக்கும் தகரத்துக்கும் இடையே விரல்கடை இடைவெளி போதும், அது வெளியே போய்விடும்.

இதற்கும் மேலே ஒன்று. 2019-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகத் தாய்லாந்தில் ஆறு ஆசிய யானைகளின் முன்னால் இரண்டு வாளிகளை வைத்தார்கள். இரண்டிலும் சூரியகாந்தி விதை, ஒன்றில் கூட, மற்றதில் குறைய. மூடி போட்டுப் பூட்டியாயிற்று. பார்க்க வழியில்லை, முகர மட்டும் துளைகள். யானைகள் பெரும்பாலும் கூட உள்ள வாளியைத்தான் எடுத்தன. ஆக, மணம் இங்கே ‘நெல் இருக்கிறது’ என்ற செய்தி மட்டுமல்ல, ‘இவ்வளவு இருக்கிறது’ என்ற கணக்கும்கூட. இருபது மூடை அடுக்கிய வீடும் ஒரு மூடை வைத்த வீடும் இருட்டில் ஒன்றுபோல் தெரிவது நமக்குத்தான்.

நாய் குரைக்குமே, காலடிச் சத்தம் கேட்குமே என்பீர்கள். நாய் சில வேளை குரைக்கும். காலடி கேட்காது. யானை உண்மையில் நுனிக்காலில் நிற்கும் பிராணி. விரல் எலும்புகள் முன்னால் சாய்ந்து நிற்க, குதிக்குக் கீழே பெரிய கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது. பாரம் இறங்கும்போது அது விரிந்து சத்தத்தை விழுங்குகிறது. அந்த மெத்தைக்குள் ஆறாவது விரல்போல ஓர் எலும்பு இருப்பதை 1706-ல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் செத்துப்போன யானையை அறுத்துப் பார்த்த பற்றிக் பிளேயர் என்ற வைத்தியர் கவனித்தார். அது விரலா, வெறும் குருத்தெலும்பா என்று முந்நூறு வருடம் வாதம் நடந்தது. 2011-ல்தான் ஜோன் ஹட்சின்சனின் குழு அது பாரம் தாங்கும் முண்டு என்று காட்டியது. நாலாயிரம் கிலோ நம் யன்னலுக்கு வெளியே வந்து நிற்பதை, அது மூச்சு விடும்போதுதான் அறிகிறோம்.

தூக்கத்தில் போட்டி போடவும் முடியாது. பொட்ஸ்வானாவில் இரண்டு காட்டுப் பெண் யானைகளின் தும்பிக்கையில் சிறு கருவியைப் பொருத்தி ஒரு மாதத்துக்கு மேல் கவனித்தவர்கள், அவை நாளொன்றுக்குச் சராசரி இரண்டு மணித்தியாலம்தான் தூங்கின என்று 2017-ல் எழுதினார்கள். சில நாள் 46 மணித்தியாலம் வரை தூங்கவே இல்லை. காவல் பரணில் பின்னேரம் ஏறுபவர் தேநீர் குடித்து, பீடி புகைத்து, மூன்று மணிக்குக் கண்ணயர்வார். எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சரி, தண்ணீர் காப்பாற்றுமா? மாரி காலத்தில் கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய, மேற்கிலுள்ள ஊர்கள் துண்டிக்கப்பட்டு, சனம் தோணியில் போய்வருவது நமக்குப் பழகிய காட்சி. யானைக்கு அது பிரிவே இல்லை. 2017-ல் கொக்கிளாய்க்கு அப்பால் நடுக்கடலில் நீந்திக்கொண்டிருந்த யானையைக் கடற்படையினர் கயிறு கட்டிக் கரைசேர்த்தார்கள். நமக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே வழுக்கும் மெல்லிய இடைவெளி உண்டு. யானைக்கு அது இழைமத்தால் ஒட்டி அடைந்திருக்கிறது. தண்ணீருக்குள் உடலை அமிழ்த்தித் தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டி மூச்சு விடும்போது, நெஞ்சுக்குள்ளிருக்கும் சிறு குருதிக் குழாய்கள் அழுத்த வேறுபாட்டால் வெடிக்காமல் இருக்க அந்த ஒட்டு உதவுகிறது என்பது ஜோன் வெஸ்ட் என்ற உடலியலாளரின் விளக்கம். வாவி நமக்குத்தான் எல்லை.

வருவது எல்லா யானையும் அல்ல. தமிழ்நாடு–கர்நாடக எல்லைக் காடுகளில் 1980-களில் ராமன் சுகுமார் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது: பெண்களும் குட்டிகளுமான கூட்டத்தைவிட வளர்ந்த ஆண்களே பல மடங்கு அதிக இரவுகள் வயலுக்குள் இறங்குகின்றன. உடல் பெருத்த ஆணுக்குத்தான் இணை கிடைக்கும், உடல் பெருக்க நல்ல சாப்பாடு வேண்டும். நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவில் புல்லும் பட்டையும் மெல்ல வேண்டிய பிராணிக்கு ஒரு மூடை நெல் என்பது பல மணித்தியால உழைப்பை ஒரே மடக்கில் தருவது. உயிர் போகலாம் என்று தெரிந்தே வருகிறது. இலங்கையில் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்குக்கூடக் கொம்பு கிடையாது. மிச்சமெல்லாம் அலியன். சுவரை இடிக்கக் கொம்பு தேவையில்லை, நெற்றி போதும்.

இனி வேலிக்கு வருவோம். யானை வேலியைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்கள் ஏராளம், அதனால் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும்.

அந்தக் கம்பியில் ஓடுவது ஏழெட்டாயிரம் வோல்ட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அப்படியிருக்க முன்னது கொல்வதில்லை, பின்னது கொல்கிறது. காரணம் வோல்டில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பற்றறியிலும் சூரியத் தகட்டிலும் இயங்கும் அந்தப் பெட்டி, செக்கனுக்கு ஒரு தடவை அளவில், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். நரம்பு அலறும், இதயம் தப்பும், தொட்டவர் பின்வாங்க மிச்ச நேரம் முழுவதும் இருக்கிறது. வீட்டு மின்சாரமோ ஓயாது. செக்கனுக்கு ஐம்பது சுற்றாகத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிடித்த கை விடாது. சில பத்து மில்லி அம்பியர் இதயத்தின் தாளத்தைக் குழப்பிவிடும். பிரதான கம்பியிலிருந்து களவாக இழுத்து வளவைச் சுற்றிக் கட்டுவோர் யானைக்குக் கட்டுவதாக நினைக்கிறார்கள். காலையில் அங்கே மாடு கிடக்கும், சில நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை கிடக்கும்.

முறையான வேலியின் மின்னோட்டம் கம்பியில் தொடங்கி, யானையின் உடலில் இறங்கி, கால் வழியே மண்ணுக்குள் போய், பெட்டியடியில் புதைத்த இரும்புக் கோலுக்குத் திரும்ப வேண்டும். அரைச் சுற்று கம்பி, அரைச் சுற்று நிலம். மழைக்கு நனைந்த வயல் மண் அதை நன்றாகக் கடத்தும். ஆடி, ஆவணியில் மணல் காய்ந்து கிடக்கும்போது அந்த அரைச் சுற்று நொண்டும், அதே வேலி அரை உறைப்புத்தான் காட்டும். மாரியில் பிரச்சினை மறுபக்கம்: பற்றையும் கொடியும் வளர்ந்து கம்பியைத் தொட, துடிப்பெல்லாம் வழியிலேயே ஒழுகிப்போகும். ஆக, கத்தியோடு கம்பியடி துப்புரவாக்க ஆளில்லாத வேலி வெறும் கொடிப்பந்தல். கட்டும்போது விழா எடுப்பவர்கள் புல் வெட்டும்போது வருவதில்லை.

யானை இதையெல்லாம் பாடமாக்கிக்கொள்ளும். தந்தம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, கொம்பன் அதால் கம்பியை இழுத்து அறுக்கும். அலியன் மரத்தை முறித்து வேலிமேல் சாய்க்கும், அல்லது கம்பியை விட்டுவிட்டுத் தூணை உதைக்கும். வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும், யானை விரட்டும் வெடிகளுக்கும் இதே கதிதான். முதல் வருடம் ஓடும், மூன்றாம் வருடம் காதை ஆட்டிவிட்டு நிற்கும். அதன் பிறகுதான் மனிதர் பூசணிக்காய்க்குள் வெடிமருந்து வைக்கும் ஹக்கபட்டாஸுக்கு இறங்குகிறார்கள். வாய் சிதைந்த யானை சாப்பிட முடியாமல் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். 2023-ல் மட்டும் இந்தத் தீவில் 450-க்கு மேற்பட்ட யானைகளும் 150-க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள்.

யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பின்படி, இலங்கை நிலத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தில் யானை நடமாடுகிறது, அந்த நிலத்தின் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். ‘யானையைக் காட்டுக்குள் விரட்டு’ என்று மேடையில் சொல்வது சுலபம். விரட்டி விட அப்படியொரு தனிக் காடு இல்லை. அதனால் அவர்கள் சொல்வது வேலியைக் காட்டின் எல்லையில் போடாமல் ஊரைச் சுற்றிப் போடுங்கள் என்பது. ஊரார் தாங்களே பணம் சேர்த்துப் பராமரிக்கும் வேலி. வயலுக்குப் போடும் வேலியை வெட்டு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். பிறகு அரிதாளையும் வைக்கோலையும் யானை வந்து மேயட்டும். தன் வீட்டு வாசல் தெரியும் தூரத்தில் வேலி இருந்தால் மனிதர் புல் வெட்டத்தான் செய்வார்கள் என்பது இதிலுள்ள சூட்சுமம், அதில் எனக்கு முழு நம்பிக்கை.

தேனீயும் உண்டு. உடவளவையில் தேன்கூட்டைக் கலைத்த இரைச்சலை ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்த லூசி கிங், காட்டு யானைகள் விலகிப் போவதையும், ஒன்றின் வாய்க்குள் மற்றது தும்பிக்கையை விட்டுத் தேற்றுவதையும் 2018-ல் பதிவு செய்தார். கென்யாவில் கூடுகளைக் கம்பியில் கோத்து வயலைச் சுற்றித் தொங்கவிடுகிறார்கள். நம் நாட்டுத் தேனீ சாதுவானது, சின்னக் கூட்டம், பூ குறைந்தால் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். தேன் கிடைக்கும் என்று வையுங்கள், காவலை முழுவதும் அதனிடம் ஒப்படைக்க வேண்டாம்.

மாமி வீட்டுக்குப் பங்குனியில் மறுபடி போனேன். புதுக்கல் அடுக்கிப் பூசியிருந்தார்கள், பூச்சு இன்னும் ஈரம். மூடைகள் அங்கே இல்லை. முக்கால்வாசியைக் களத்திலேயே விற்று, மிச்சத்தைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கிரானில் தங்கை வீட்டில் போட்டிருக்கிறாராம். சமையலுக்கு மாதாமாதம் ஒரு மூடை வரும். அதையும் வீட்டுக்குள் எடுப்பதில்லை, வளவுக் கோடியில் கிடுகு வேய்ந்த கொட்டிலில்.

“படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில வைக்காட்டிப் போதும் மகன். கொட்டில் போனா ரெண்டு நாளையில கட்டலாம்.”

கொட்டிலுக்கு நாலு கம்பு, கதவே இல்லை. எதற்கு என்று நான் கேட்கவில்லை.