ஒற்றை அடிமரம் போதாது

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்துக்கு ஏறத்தாழ 450 வயது என்கிறார்கள். 1989-ல் வீசிய புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. ஆனாலும் மரம் பட்டுப்போகவில்லை. கிளைகளிலிருந்து இறங்கி மண்ணைத் தொட்ட விழுதுகள் அதற்கு முன்பே தாமும் அடிமரங்களாகப் பருத்திருந்தன. ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்திலும் இதுவே நடந்தது. புயல்களில் அடிபட்டுப் பூஞ்சை பிடித்த அதன் நடுமரத்தை 1925-ல் வெட்டி அகற்றினார்கள்; விழுதுகளின் பலத்தில் மரம் இன்றும் பரவி நிற்கிறது. குடும்ப வரலாற்றை எழுத உட்காரும் நாமோ கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, மகன் என்று பனைமரம்போல் ஒரே நேர்கோட்டை வரைகிறோம். உண்மையில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொருந்துவது ஆலமரம்தான். பல அடிமரங்களோடு வரைந்தால்தான் நம் கொடிவழி சரியாக வரும்.

இதற்கு முதல் சான்று நம் உடம்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் 23 குரோமோசோம்களைத் தாயிடமிருந்தும் 23-ஐத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவோ தாய்வழியிலேயே வருகிறது. முன்னோர் தலைமுறைதோறும் இரட்டிப்பதால், ஐந்து தலைமுறைக்கு முன்னே 32 இடங்கள் இருக்கும். தந்தைவழி ஆண்களை மட்டும் எழுதினால் அவற்றில் ஒன்றுதான் நிரம்பும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால் பிறக்கும் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டியர் எட்டுப் பேர் அல்ல, ஆறு பேர்தான். அக்கா மகளை மணந்தவரின் பிள்ளைக்கு, அப்பாவைப் பெற்றவர்களே தாத்தா பாட்டியாகவும் அம்மா வழியில் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியாகவும் இருப்பார்கள். ஆலின் விழுதுகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதுபோல் இங்கே கிளைகள் மறுபடி சேர்கின்றன. நேர்கோட்டில் இது தெரியவே தெரியாது. நெருங்கிய உறவுத் திருமணங்களில் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடுவதால், இருபக்க விவரமும் எழுதிவைத்த படம் மருத்துவருக்கும் உதவும்.

இரண்டாவது சான்று இடப்பெயர்ச்சி. சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியை ஒட்டிக் குமணன்சாவடி, கரையான்சாவடி, காட்டுப்பாக்கம் என்று நீளும் குடியிருப்புகளில் பழைய உள்ளூர்க் குடும்பங்களோடு பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் வாழ்கிறார்கள். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் இந்த மேற்குப் பகுதிக்கு ஆட்களை இழுத்தன. இப்படி வந்தவர்கள் மனை வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளை இங்கேயே படிக்கவைத்தார்கள். சொந்த ஊரில் வீடு பூட்டிக் கிடந்தாலும் குடும்பம் இங்கே தழைக்கிறது. அதன் வரலாற்றில் சொந்த ஊர்க் கோயிலுக்கு உள்ள இடம், குமணன்சாவடியில் முதல் மனை வாங்கிய பத்திரத்துக்கும் உண்டு.

குலதெய்வம் தந்தைவழியில் வருவது, தலைக்கட்டு வரியும் பங்காளி முறையும் ஆண்வழிக் கணக்கு, அதை ஏன் கலைக்க வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். வழிபாட்டு உரிமையைச் சொல்ல அந்தக் கணக்கு போதும். குடும்பத்தில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்ல அது போதாது. சொத்துரிமையிலேயே அந்தக் கணக்கு மாறிவிட்டது. 1989 மார்ச் 25 முதல் செல்லும் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், அன்றுவரை மணமாகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. மணமானவர், ஆகாதவர் என்ற பாகுபாட்டை 2005-ன் மத்தியத் திருத்தம் நீக்கியது. சட்டம் மகளை வாரிசாக ஏற்றபின், நம் வீட்டுப் படத்தில் மட்டும் அவள் பெயர் விடுபடுவது நியாயமே இல்லை.

முன்னோரைத் தேடப் புகுந்தால் சாதிப் பெருமைதான் வளரும் என்ற அச்சம் பெரியவர்களின் கேள்வியைவிட வலுவானது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குத் தீனி போடுவது ஒற்றைக் கோட்டுப் படம்தான். புகழ்பெற்ற ஒரு மூதாதையைப் பிடித்துக்கொண்டு மற்ற 31 இடங்களை மறக்க அது வழிசெய்கிறது. எல்லா இடங்களையும் நிரப்ப முயன்றால் கூலி வேலை பார்த்தவரும், ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்தவரும், பிள்ளைகளைத் தனியாக வளர்த்த கைம்பெண்ணும் அதில் இடம்பெறுவார்கள். ஒருவரை மட்டும் காட்டிப் பெருமை பேச அந்தப் படம் இடம் தராது.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பிறப்பு, இறப்புச் சான்றுகள், மூலப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஆகியவற்றில் பாதி விவரம் கிடைக்கும். தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஊரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மீதி விவரம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களிடம் முதலில் அம்மாவின் பாட்டி பெயரைக் கேளுங்கள். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்றும் கேட்டு, இந்த வாரமே எழுதிவையுங்கள்.