தூக்கியவர், தொட்டவர், தள்ளி உட்கார்ந்தவர்

கடத்தூர்ப் பக்கம் ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் வெற்றிலைச் சந்தை கலைவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பொம்மிடியில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் நிற்பார்கள். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். போய்ப் பார்க்காவிட்டால் நாளைக்குப் பேச்சு வரும். அந்த நாலு பேரில் ஒருவருக்கு லேசாக மூக்கு ஒழுகினாலும், உறுப்பு மாற்றிக்கொண்டு படுத்திருப்பவருக்கு ஆபத்துதான்.

வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் சிறுநீரக மாற்றும், 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்றும் தொடங்கின. வந்த சிறுநீரகத்தை அந்நியன் என்று உடம்பு விரட்டிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கின்றன. மஜ்ஜை மாற்றில் இன்னும் கடுமை: பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு, புதியது வேர்பிடிக்கும்வரை வாரக்கணக்கில் காவலே இல்லாமல் கிடக்க வேண்டும். நமக்கு மூன்று நாள் சளி, அவர்களுக்கு நிமோனியா. காய்ச்சல்கூட அடிக்காமல் போகலாம். கிருமியோ பல வாரம் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவின் சியாட்டிலில் 1990-ன் தொடக்கத்தில், ஒரு மஜ்ஜை மாற்று மையத்தில் 13 வாரங்களுக்குள் 199 நோயாளிகளில் 31 பேருக்கு ஆர்.எஸ்.வி. தொற்றியது. குழந்தைகளுக்குச் சளி கொண்டுவரும் சாதாரண வைரஸ்தான். 18 பேருக்கு நிமோனியா. அவர்களில் 14 பேர் இறந்துபோனார்கள்.

இந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதைக் கரோலின் ஹால் என்ற குழந்தை மருத்துவர் அதற்குப் பத்தாண்டு முன்பே சோதித்திருந்தார். ஆர்.எஸ்.வி. கண்ட குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிய 7 பேரில் 5 பேருக்குத் தொற்றியது. குழந்தை இல்லாத நேரம் தொட்டிலையும் சாமான்களையும் மட்டும் தொட்ட 10 பேரில் 4 பேருக்கு. ஆறடிக்கு அப்பால் சும்மா உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிக்கும் நம் வழக்கம் இதில் எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளூவும் கொரோனாவும் காற்றிலும் வரும். அங்கே தூரம் மட்டும் போதாது, முகக்கவசம் வேண்டும்.

வார்டில் ஒருவர் இருமத் தொடங்கினால் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை, தனி அறை, அவருக்கென்று தனி நர்ஸ், கையுறை, மேலங்கி. மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்குச் சளி என்றால் முடிந்தவரை தேதியைத் தள்ளிவைப்பார்கள். ஃப்ளூ என்றால் அக்கம்பக்கப் படுக்கைகளுக்கும் ஒசெல்டமிவிர் கொடுக்கலாம். ஆர்.எஸ்.வி.க்கு ரிபாவிரினைக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. நம்பி உட்கார முடியாது.

எனக்கு இதில் பெரிய ஓட்டையாகப் படுவது வேறு. ஒரு நாள் லீவு போட்டால் கூலி போய்விடும் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு வரும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரை எந்த மேலங்கி தடுக்கும்? சம்பளத்தோடு லீவு கொடுப்பதும் கிருமிக் கட்டுப்பாடுதான்.

2025 ஜனவரியில் சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் எச்.எம்.பி.வி. என்று அரசு அறிவித்தபோது ஊரெல்லாம் பதற்றம். 2001-லேயே கண்டறியப்பட்ட பழைய சளி வைரஸ் அது. நம்மில் பலருக்கு எப்போதோ வந்துபோயிருக்கும். உண்மையில் பயப்பட வேண்டியவர்கள் மாற்று சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் வருடா வருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகும் பார்க்க ஆட்கள் வருவார்கள். வரட்டும். நம் பக்கத்து வீடுகளில் திண்ணைக்கும் உள்ளே கிடக்கும் கட்டிலுக்கும் இடையே ஆறடி தாராளமாக இருக்கும்.