என் மக்ரோ லென்ஸை மாற்ற வேண்டுமா?

கடந்த மாதம் வெள்ளவத்தையில் மகளுடன் தங்கியிருக்கும் ஓர் அம்மாவைச் சந்திக்கப் போயிருந்தேன். வன்னியைச் சேர்ந்தவர். 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் சரணடைந்த மகனை இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவர். பேசி முடித்த பின் பொலித்தீன் பையொன்றிலிருந்து கல்யாண வீட்டுக் குழுப்படம் ஒன்றை வெளியே எடுத்தார். பின்வரிசையில் மகன் நின்றார். முகம் என் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். இடம்பெயர்வுகளில் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. உறவினர் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே படம் அது.

"இவன்ர முகத்த மட்டும் பெரிசா எடுத்துத் தரேலுமே தம்பி?" என்று கேட்டார்.

பையில் மக்ரோ லென்ஸ் இருந்தது. யன்னலோரத்தில் படத்தை வைத்து எடுத்துக் கொடுத்தேன். அந்த லென்ஸை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரம் அது.

என்னிடம் இருப்பது கெனன் 100 மி.மீ. எஃப் 2.8 மக்ரோ. 2000ஆம் ஆண்டு வெளிவந்த வகை. இரண்டாம் கையாக வாங்கினேன். சுயாதீனமாக எழுதுவதை மட்டும் நம்பி கொழும்பில் வாடகை கட்ட முடியாது. ஆகவே கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நூல் வெளியீடுகள், அரங்கேற்றங்கள், பிறந்தநாள்கள் என்று படமெடுக்கப் போகிறேன். 2009இல் வந்த, கையசைவைத் திருத்தும் 'எல்' வகை மக்ரோவை வாங்கினால் உருவப்படம், நிகழ்வு இரண்டுக்கும் போதும் என்று நண்பர்கள் சொன்னார்கள். வடக்கு கிழக்கில் கமராவை நம்பித் தொழில் செய்யும் பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் நான் கணக்குப் பார்த்த விதத்தை எழுதுகிறேன்.

மக்ரோ லென்ஸின் அடிப்படைத் திறன் 1:1 உருப்பெருக்கம். ஒரு சென்ரிமீற்றர் முகம் கமராவின் உணரியிலும் ஒரு சென்ரிமீற்றராகவே விழும். தட்டையான ஒன்றை எடுக்கும்போது நடுவிலும் மூலைகளிலும் ஒரே கூர்மை கிடைக்கும். பழைய படங்களைப் பிரதி எடுக்க இந்த இரண்டும்தான் வேண்டும்.

உருவப்படத்துக்கும் இது நல்ல லென்ஸ்தான். ஆனால் சிறிய உணரி கொண்ட என் கமராவில் 100 மி.மீ. என்பது 160 மி.மீ. போலத் தெரியும். தலையும் தோளும் சட்டத்துக்குள் வர சுமார் 3 மீற்றர் பின்னால் நிற்க வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடி அறைகளில் அதற்குள் முதுகு சுவரில் முட்டிவிடும். புதிய 'எல்' லென்ஸும் அதே 100 மி.மீ. என்பதால் இந்தச் சிக்கல் தீராது.

நிகழ்வுகளில் பிரச்சினை வேறு. கையசைவுத் திருத்தம் என் கை நடுங்குவதை மட்டுமே சரிசெய்யும். ஆடும் பிள்ளையின் கையை அது நிறுத்தாது. அதற்கு 1/250 செக்கன் போன்ற வேகம் வேண்டும். அந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். எஃப் 2.8இலிருந்து எஃப் 1.8க்குப் போனால் ஏறத்தாழ 2.4 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஐ.எஸ்.ஓ. 6400 வைக்க வேண்டிய இடத்தில் 2500 அளவு போதும். புதிய மக்ரோவும் எஃப் 2.8தான். அதாவது அதிக பணம் கொடுத்தும் மண்டபத்து இருட்டில் எனக்கு அதே வெளிச்சம்தான்.

2015இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8, கெனனின் மலிவான லென்ஸ்களில் ஒன்று. சிறிய அறைக்கும் பொருந்தும். 2022இல் சுமார் 200 ரூபாயிலிருந்த டொலர் சில மாதங்களில் 360ஐ எட்டியதைப் பார்த்தவர்களுக்கு இந்த விலை வித்தியாசம் சின்ன விடயமல்ல. ஆனால் மக்ரோவைக் கொடுத்துவிட்டு இதை மட்டும் வைத்திருக்கவும் முடியாது. எவ்வளவு கிட்டப் போனாலும் கடவுச்சீட்டு அளவுப் படமொன்று இதன் சட்டத்தில் ஐந்திலொரு பங்கைத்தான் நிரப்பும்.

ஆகவே என் முடிவு: பழைய மக்ரோ இருக்கட்டும், 'எல்' வேண்டாம், பணம் சேர்ந்ததும் 50 மி.மீ. பழைய மக்ரோ குவியத்தைத் தேடி அலைவதற்கும் செலவில்லாத மருந்து உண்டு. பக்கத்திலுள்ள ஆளியை 0.48 மீற்றருக்கு மாற்றிவிட்டால் அதற்குக் கிட்டிய தூரங்களில் அது தேடாது.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டம் பல இடங்களுக்கும் பரவியது. மடியில் வைத்திருக்கும் படங்கள் வெயிலிலும் மழையிலும் நிறம் மங்குகின்றன. மூலப்படம் இன்னும் வீட்டில் இருந்தால் இன்றே பிரதி எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி போதும்.

நேரடி வெயில் படாத யன்னலோரத்தில் படத்தை மட்டமாக வையுங்கள். அறை விளக்கையும் ஃபிளாஷையும் அணையுங்கள். தொலைபேசியைப் படத்துக்கு நேர் மேலே, சரியாமல் பிடியுங்கள். மிகக் கிட்டப் போனால் உங்கள் நிழல் விழும். சற்று உயர்த்தி எடுங்கள். லமினேற் செய்த படம் மினுங்கினால் தொலைபேசிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். லமினேற்றை உரிக்க வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுக்கவும் வேண்டாம், அப்படியே எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரையும் கையெழுத்தும் திகதியும் அங்கேதான் இருக்கும். பிரதிகளை இரண்டு இடங்களில் வையுங்கள்.

முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளில் கவனம் தேவை. படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அவை ஊகித்து வரைகின்றன. முறைப்பாட்டுக் கோவைக்குத் திருத்தாத பிரதியையே கொடுங்கள்.

மறுவாரம் அச்சிட்ட படத்தை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். அதில் ஒரு சிறிய வெட்டு.

"பந்தடிக்கப் போய் விழுந்தவன். இது இந்தப் படத்தில இருக்கெண்டு எனக்குத் தெரியாது தம்பி."

அவரது முறைப்பாட்டில் அடையாளக் குறி என்று எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அன்று மாலை மகள் அதை ஒரு தாளில் எழுதிப் படத்துடன் சேர்த்து வைத்தார்.