சட்டிக் குடாவும் ஒரு புல் விதையும்



உலகப் படத்தில் தென் அமெரிக்காவின் வால் நுனியைப் பாருங்கள். அதற்குக் கிழக்கே போக்லாந்து தீவுகள். இன்னும் சுமார் 1,400 கி.மீ. தள்ளிப் போனால் நடுக்கடலில் தெற்கு ஜார்ஜியா தீவு. நீளம் ஏறத்தாழ 165 கி.மீ. பாதிக்கு மேல் எப்போதும் பனி. மரம் கிடையாது. விமானமும் இறங்காது, கப்பலில்தான் போகணும். அங்குள்ள கிரிட்விகன் என்ற குடாவைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்.

பெயர் எப்படி வந்தது?

கிரிட்விகன் என்றால் ஸ்வீடன் மொழியில் 'சட்டிக் குடா'. கடல் சீல்களைக் கொன்று, கொழுப்பை உருக்கிய பெரிய சட்டிகள் கரையில் கிடந்ததை 1902-இல் வந்த ஆய்வுக் குழு பார்த்து வைத்த பெயர். 1904-இல் அங்கே திமிங்கல எண்ணெய் ஆலை வந்தது. 1965 வரை அந்தத் தீவில் அறுக்கப்பட்ட திமிங்கலங்கள் 1,75,250! நம்பவே முடியலை, இல்லையா? பிடிக்கத் திமிங்கலம் குறைந்துபோனதால் ஆலைகளும் மூடின.

இப்போது யார் இருக்கிறார்கள்?

துருப்பிடித்த ஆலைக்குப் பக்கத்தில் யானை சீல்கள் படுத்துக் கிடக்கின்றன. ஆண் சீல் 4 டன் வரை இருக்கும், நிஜ யானை எடை! ராஜா பென்குயின்கள் கரையில் நடமாடுகின்றன. பிபிட் என்ற குருவி பாடுகிறது. உலகத்திலேயே அந்தத் தீவில் மட்டும் உள்ள குருவி அது.

எப்படி உள்ளே போவது?

நம் மார்கழி அவர்களுக்குக் கோடை. அப்போதுதான் பயணிகள் வருவார்கள். முதலில் அனுமதி வாங்கணும். கப்பலிலேயே பூட்ஸைத் தேய்த்துக் கழுவணும். பாக்கெட், பை, ஒட்டும் பட்டை எல்லாவற்றிலும் ஒரு புல் விதைகூட இல்லாதபடி சுத்தம் செய்து, பரிசோதனைக்குக் காட்டணும். விலங்குகளுக்கு வழிவிட்டு விலகி நிற்கணும்.

ஒரு விதைக்கா இவ்வளவு கெடுபிடி?

எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. பதில் எலியிடம் இருக்கிறது. பழைய கப்பல்களில் எலிகள் ஒளிந்து வந்தன. யாரும் வேண்டுமென்று கொண்டுவரவில்லை. மரம் இல்லாததால் அங்கே பறவைகள் தரையிலோ வளையிலோதான் முட்டையிடும். எலிக்குக் கேட்கவா வேணும்! எலி உள்ள பக்கமெல்லாம் பிபிட் இல்லாமல் போனது.

2011, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் ஹெலிகாப்டரிலிருந்து விஷ இரை தூவினார்கள். பனியாறுகள் தீவைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருந்தன. எலி அவற்றைத் தாண்டாது. அதனால் பகுதி பகுதியாக ஒழிக்க முடிந்தது. ஆனால் பனியாறுகள் உருகிப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. தாமதித்திருந்தால் வழி திறந்து, ஒழித்த இடத்துக்கே எலி திரும்பி வந்திருக்கும். 2018-இல் தீவில் எலியே இல்லை என்று அறிவித்தார்கள். பிபிட் மறுபடியும் பரவியது. 2020 ஆய்வில் 55 நீலத் திமிங்கலங்களையும் பார்த்தார்கள்.

ஆனால் கதை சுபமாக முடியவில்லை. 2023-இல் பறவைக் காய்ச்சல் அங்கே வந்துவிட்டது. மூன்று பெரிய கூட்டங்களில் 2022-க்கும் 2024-க்கும் இடையே குட்டி போட வரும் யானை சீல்கள் 47 சதவீதம் குறைந்தன. பறக்கும் பறவைக்கு யார் வேலி போட முடியும்? "அப்புறம் பூட்ஸைக் கழுவி என்ன லாபம்?" என்று கேட்கலாம். நான் நினைப்பது இதுதான்: தடுக்க முடியாத நோயால் ஏற்கெனவே அடிபட்ட இடத்துக்கு, தடுக்க முடிந்த தொல்லையையும் நாம் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

எலியை விரட்ட ஹெலிகாப்டரும் பல வருட உழைப்பும் தேவைப்பட்டன. விதையைத் தடுக்க ஒரு பிரஷ் போதும்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி