இங்கிலாந்துப் பாடசாலைக்கு ஒரு லீவுக் கடிதம்

ஊரில் பிள்ளை பாடசாலைக்குப் போகாவிட்டால் மறுநாள் ஆசிரியரிடம் வாயால் சொன்னால் போதும். இங்கிலாந்தில் குடியேறிய நம்மவர்கள் சிலர் அதே பழக்கத்தில் இருந்துவிட்டு, தண்டப்பணக் கடிதம் கண்டு திடுக்கிடுகிறார்கள். 2024 ஆகஸ்ட் முதல், 10 பாடசாலை வாரங்களுக்குள் அனுமதியின்றி 5 நாட்கள் தவறினால் ஒரு பிள்ளைக்குத் தாய், தகப்பன் ஒவ்வொருவருக்கும் 80 பவுண் தண்டம் வரலாம். 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 160.

பெருநாள் தினத்துக்கு லீவு உண்டு, ஆனால் முன்கூட்டியே எழுத வேண்டும். பிறை நிச்சயமில்லையே என்றால், இந்த இரண்டு நாட்களில் ஒன்று என்றே எழுதலாம். பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, திகதி, காரணம், இவ்வளவுதான். ஆங்கிலம் கொஞ்சம் பிழைத்தாலும் பரவாயில்லை. பிள்ளையைக் கொண்டு மட்டும் எழுதுவிக்காதீர்கள். (தன் லீவைத் தானே எழுதும் பிள்ளை எதைத்தான் எழுதாது!)

தவணைக் காலத்தில் ஊருக்கு வரும் பயணம் வேறு கதை. விசேட காரணம் இருந்தால்தான் அதிபர் அனுமதிப்பார். டிக்கெட் போடுமுன் எழுதிக் கேளுங்கள்.